‘கோர்க் – தொடாதே’

மாமா வீட்டு ஸ்டோர் ரூமில் அவருடைய பழைய கோர்க் கீபோர்டு பதினெட்டு வருடம் நின்றுகொண்டிருந்தது. படுக்க வைக்க இடமில்லாததால் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தி, பழைய கைலியால் போர்த்தி, அதற்குமேல் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அத்தை அதன் தலையில் தீபாவளி முறுக்கு டின்களை அடுக்கியிருந்தார். 2022-ல் கோலாலம்பூர் செந்தூல் வீட்டை விற்றுவிட்டு ரவாங்கில் மகள் வீட்டோடு போய்விட முடிவானபோது மாமா போன் போட்டார். “டே, அந்தக் கோர்க்கை நீ எடுத்துக்கிறியா, இல்ல பழைய சாமான்காரன்கிட்ட தள்ளிடவா?”

வண்டியை எடுத்துக்கொண்டு அன்று மாலையே போய்விட்டேன். முறுக்கு டின்களை இறக்கும்போது அத்தை, “பாத்துய்யா, எல்லாம் போன வருசத்து டின்னு” என்றார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோர்க் என்ற ஜப்பான் கம்பெனியின் பாலிசிக்ஸ். சிந்தசைசர், அதாவது மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கீபோர்டு. 1981-ல் வந்த மாடல். 61 கட்டை, ஒரே நேரத்தில் ஆறு சுரம், 32 ஒலிகளைச் சேமிக்க நினைவகம், இரண்டு பக்கமும் மரப்பலகை. அதற்கு முன்பு, ஒன்றுக்கு மேற்பட்ட சுரம் பேசி, செட் பண்ணிய ஒலியை நினைவிலும் வைத்துக்கொள்ளும் சிந்தசைசர் என்றால் 1978-ல் வந்த புரோஃபெட்-5 மாதிரி 4000 டாலர் பக்கம் போகும். பாலிசிக்ஸ் 2000 டாலருக்குள் வந்து நின்றது. கச்சேரிக்காரன் கடன் வாங்கியாவது எட்டிப்பிடிக்கக்கூடிய விலை அது.

மாமா செந்தூல் இரயில்வே பணிமனையில் ஃபிட்டர். சனி, ஞாயிறுகளில் இசைக்குழுவில் கீபோர்டு. 1984-ல் சிங்கப்பூரில் இதை வாங்கி, இரவு ரயிலில் தன் படுக்கையில் பெட்டியைக் கிடத்திவிட்டு, கோலாலம்பூர் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்தபடியே வந்திருக்கிறார். அதற்கு முந்தைய வருடம் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்து உலகமே டிஜிட்டல் பக்கம் ஓடிக்கொண்டிருந்த நேரம். கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிடும் அவசரத்தில் இருந்தார். மாமாவுக்கு அந்த விவரம் எல்லாம் தெரியாது. “ஒரு குமிழைத் திருப்பினேன், வயலின் வந்துச்சு. பணத்தைக் கொடுத்துட்டேன்” என்பார்.

அந்த வயலின்தான் விஷயம். எண்பதுகளின் சினிமாப் பாட்டை மேடையில் வாசிக்க வேண்டுமென்றால் பின்னணியில் வயலின் கூட்டம் ஒன்று அலை அலையாக எழும்ப வேண்டும். மாமா குழுவில் எட்டுப் பேர்; வயலின்காரர் என்று ஒருவர்கூட இல்லை. பாலிசிக்ஸில் ‘என்செம்பிள்’ என்று ஒரு வசதி. உள்ளே போகிற ஒலியைக் கோயில் கும்பாபிஷேகத்தில் ஆள் மாற்றி ஆள் குடம் கொடுப்பதுபோல நுண்ணிய கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்) வரிசையில் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவார்கள். வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை மெல்ல மெல்லக் கூட்டிக் குறைத்து, தாமதித்த ஒலியை மூல ஒலியோடு கலந்தால் ஒரு குரல் பல குரலாகக் கேட்கும். பத்துமலையிலிருந்து ரவாங் வரை கல்யாண மண்டபங்களில் கேட்ட வயலின் கூட்டமெல்லாம் இந்த ஒரு பெட்டிதான்.

எனக்குக் கோர்க் பைத்தியம் பிடித்தது அந்த மண்டபங்களில்தான். எட்டு வயதில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரியவனாகி சம்பாதிக்க ஆரம்பித்ததும் பழைய கோர்க் சாமான் எங்கே கிடைத்தாலும் போய்ப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தையில் என்னைப்போல நாலைந்து பேர் உண்டு. ஒருவர் மலாய்க்காரர், அந்தக் காலத்து ராக் குழுவில் இருந்தவர். இன்னொருவர் ரேடியோ ரிப்பேர் செய்து ஓய்வு பெற்ற சீனர், எல்லாருக்கும் அங்கிள். காப்பி குடித்துக்கொண்டே எந்தப் பிராண்டு பெரிசு என்று சண்டை போடுவோம். என் கணிப்பு இது: மூக் வைத்திருப்பவர்கள் வசதியானவர்கள், ரோலண்ட் வைத்திருப்பவர்கள் கணக்குச் சுத்தமானவர்கள், கோர்க் வைத்திருப்பவர்கள் அரை மெக்கானிக்குகள். கையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். இதற்கு அந்தக் கம்பெனியும் ஒரு காரணம். 2010-ல் மோனோட்ரோன் என்று உள்ளங்கையளவு அனலாக் பெட்டியை விட்டார்கள். 1978-ல் வந்த எம்எஸ்-20 சிந்தசைசரின் ஃபில்டரை, அதாவது ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் பகுதியை, அதில் வைத்து, சர்க்யூட் வரைபடத்தையும் வெளியிட்டார்கள். திறந்து பாரு, நோண்டு என்று சொல்கிற கம்பெனியை மெக்கானிக் மனசு எப்படி மறக்கும்?

அந்தப் பைத்தியத்தில் நான் பண்ணிய ஒரு கோளாறை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலிசிக்ஸ் கைக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பு, ஜப்பானிலிருந்து வந்த தாளம் போடும் பழைய கோர்க் ரிதம் பெட்டி ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, ஜப்பான் பிளக்கில் அடாப்டரை மாட்டிச் சுவரில் சொருகி சுவிட்சைப் போட்டேன். இரண்டு விநாடி விளக்கு எரிந்தது. பிறகு புகை. ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். நம் ஊரில் 240. பிளக் அடாப்டர் கம்பியின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. எலெக்ட்ரிகல் படித்தவன் நான். பெட்டியின் பின்னால் ‘100வி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஜப்பான் சரக்கு வாங்குகிறவர்கள் வோல்ட்டைப் பார்த்து, அதற்கேற்ப வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி வைத்த பிறகு பெட்டிக்குப் பணம் கட்டுங்கள்.

ஆகவே மாமாவின் பாலிசிக்ஸை வீட்டு மேசையில் வைத்ததும் சுவிட்சைத் தொடவில்லை. பின்பக்கம் 240 என்றுதான் இருந்தது. இருந்தாலும் பதினெட்டு வருடம் தூங்கிய பெட்டிக்கு எடுத்த எடுப்பில் கரண்ட் கொடுக்கக் கூடாது. முதலில் மூடியைத் திறந்தேன்.

முதலில் வாடை வந்தது. பழைய இரும்புப் பெட்டியும் நனைந்த அட்டையும் கலந்த வாடை. பிறகு பச்சை நிறம். கேஎல்எம்-367 என்று ஒரு சர்க்யூட் போர்டு. கட்டை, பட்டன், நினைவகம் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற மூளை. அந்த 32 ஒலிகளும் கரண்ட் இல்லாதபோது மறந்துபோகாமலிருக்க, அதன்மேல் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றை ஈயம் வைத்துப் பதித்திருப்பார்கள். ஐந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் ஒன்றும் ஆகாது. நாங்கள் யாரும் அது இருப்பதையே அறியவில்லை. அது கசிந்து, வெண்மையும் பச்சையுமாகப் பூத்து, கரண்ட் ஓடும் தாமிரக் கோடுகளை அரித்துக்கொண்டு பக்கத்து ஐசி சில்லுகளின் கால் வரை போயிருந்தது. செங்குத்தாக நிறுத்தியதில் கசிவு கீழ்நோக்கி வழிந்திருந்தது. பிளாஸ்டிக் விரிப்பு கோலாலம்பூரின் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்திருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நாங்கள் செய்த ஒவ்வொன்றும் அதை அரிக்கத்தான் உதவியிருக்கிறது.

போர்டை மட்டும் கழற்றி ஒரு பட்டறையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஏழு மாதம் வைத்திருந்தார்கள். திரும்ப வந்தபோது புது பேட்டரி பளபளவென்று அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கடியில் பச்சையும் அப்படியே இருந்தது. சுவிட்ச் போட்டால் ஒரு கட்டையை அழுத்த மூன்று சுரம் கேட்டது, பட்டன்கள் தாமாக மாறின. பழைய சிந்தசைசரை யாரிடமாவது கொடுக்கும் முன், கசிவைக் கழுவுவீர்களா, அரித்த கோடுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பீர்களா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். “பேட்டரி மாத்திடலாம்” என்று மட்டும் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு அங்கிளிடம் போர்டைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மலாயில், “நீயே செய். நான் பக்கத்தில் உட்காருகிறேன்” என்றார்.

நாங்கள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வேறு யாருக்காவது பயன்படும். சாமான்களைப் புடு ஜாலான் பாசாரில் வாங்கினோம். எலெக்ட்ரானிக் உதிரிகளுக்குக் கோலாலம்பூரில் அந்தத் தெருவை விட்டால் எனக்கு வேறு போக்கு இல்லை. கண்ணாடி நார்ப் பேனா, ஐசி சாக்கெட், மெல்லிய வயர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், காசு வடிவ லித்தியம் பேட்டரிக்கு ஒரு கூடு, ஒரு டையோடு. வினிகர் சமையலறையிலேயே இருந்தது. கசிந்தது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காரத்தை முறிக்க மெல்லிய அமிலம் வேண்டும், அதற்குத்தான் வினிகர். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய பல்துலக்கியால் வினிகரைத் தடவினால் சின்னச் சின்னதாக நுரைக்கும். வினிகரையும் அப்படியே விட்டுவிடக் கூடாது, அதுவும் அரிக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு முறை கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு ராத்திரி முழுக்க வைத்தோம். நான் வெயிலில் வைக்கலாமா என்றேன். “அப்பளமா இது?” என்கிற மாதிரி பார்த்தார்.

அதன்பிறகுதான் பொறுமையான வேலை. கோடுகளுக்கு மேலே பச்சை வார்னிஷ் பூச்சு இருக்கும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், அடியில் தாமிரம் கறுத்துப் போயிருக்கும். நார்ப் பேனாவால் பூச்சைச் சுரண்டி, தாமிரம் சிவப்பாகத் தெரிகிற இடம் வரை போய் நிறுத்த வேண்டும். பிறகு மல்ட்டிமீட்டரை ‘பீப்’பில் வைத்து ஒவ்வொரு கோட்டின் இரு முனையையும் தொட வேண்டும். சத்தம் வந்தால் கோடு உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் வரைபடத்தில் சிவப்பு மையால் அடித்து, அந்த இடத்துக்கு ஒரு வயர் இழுக்க வேண்டும். நான் பதினேழு வயர் இழுத்தேன். அரித்த ஐசிகளை எடுத்துவிட்டு சாக்கெட் வைத்தோம். ஆறு ஞாயிற்றுக்கிழமை போனது. ஈயம் வைக்கும்போது என் கை நடுங்கினால் அங்கிள் ஒன்றும் சொல்ல மாட்டார், போய் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு வருவார்.

புது பேட்டரியில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய பேட்டரி சார்ஜ் ஆகிற வகை; பெட்டி ஓடும்போதெல்லாம் அந்தச் சர்க்யூட் அதற்குக் கரண்ட் ஏற்றும். லித்தியத்துக்கு அப்படி ஏற்றினால் வெடிக்கக்கூடும். ஒரு டையோடு போட்டு, கரண்ட் உள்ளே போகாமல் வெளியே மட்டும் வரும்படி தடுத்தாக வேண்டும். சார்ஜ் ஆகிற நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகையைப் போட்டால் அந்தக் கவலை இல்லை, ஆனால் அதுவும் ஒருநாள் கசியும். எதைப் போட்டாலும் போர்டின்மேல் வைக்காதீர்கள். வயர் நீட்டி, பெட்டியின் ஒரு மூலையில் தனியாக ஒட்டிவையுங்கள். கசிந்தாலும் வெறும் தகரத்தில் கசியட்டும்.

ஆறாவது ஞாயிறு சாயங்காலம் சுவிட்ச் போட்டோம். உடனே சுதி பார்க்கக் கூடாது. அனலாக் பெட்டி சூடாகி நிதானத்துக்கு வர அரைமணி நேரமாவது ஆகும். காத்திருந்தோம். ஆறு விரலை ஒன்றாக வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆறு குரலும் இருந்தன, ஒன்று மட்டும் கொஞ்சம் கட்டைத் தொண்டை. ஃபில்டர் குமிழை மெல்லத் திருப்பினேன். உள்ளே குரலுக்கு ஒன்றாக எஸ்எஸ்எம்2044 ஃபில்டர் ஐசி இருக்கிறது. மூடிக்கிடந்த கதவை யாரோ கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதுபோல ஒலி வெளியே வந்தது. இதே பெட்டியைக் கோர்க் 2004-ல் மென்பொருளாகவும் விட்டது. என் கணினியில் அது இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, அவசரத்துக்கு அதைத்தான் வாசிக்கிறேன். ஆனால் இந்தக் கட்டைத் தொண்டைக்காரன் அதில் இல்லை.

ஆனால் நினைவகம் காலி. 32 இடத்திலும் குப்பை. மாமா இருபது வருடம் மேடைகளில் வாசித்த ஒலிகள் பேட்டரியோடு போய்விட்டன என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தக் கேசட் ஞாபகம் வந்தது. பெட்டியோடு கட்டியிருந்த பையில், மிதிக்கட்டைக்கும் வயர்களுக்கும் நடுவே கிடந்தது. நீல மையில் மாமா கையெழுத்து: ‘கோர்க் – தொடாதே’.

பாட்டு கேசட் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பாலிசிக்ஸின் பின்பக்கம் டேப் துளைகள் உண்டு. சேமித்த ஒலிகளை அக்காலத்தில் கிறீச்சிடும் சத்தமாக மாற்றிக் கேசட்டில் பதிந்து, வேண்டும்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை. அப்படியே நல்ல டெக்கில் போட்டால் பூஞ்சை டெக்கின் தலைக்கு ஏறும். கேசட்டின் ஓட்டைத் திருகாணி போட்டு மூடியிருந்ததால் அதைத் திறந்து, நாடாவின் ஓரத்தைப் பஞ்சும் ஆல்கஹாலும் கொண்டு ஒற்றி, வேறு ஓட்டில் மாற்றினேன். பென்சிலால் ஒரு தடவை முழுக்கச் சுற்றிவிட்டு, தூக்கிப் போடத் தயாராக இருந்த ஒரு பழைய டெக்கில் ஓட்டிக் கணினியில் பதிந்துகொண்டேன். கிறீச்ச்ச் என்று நீண்ட ஒரு ஓலம். திடீரென்று யாரோ வானொலியில் தீபாவளி வாழ்த்துச் சொல்கிறார். நல்லவேளை ஓலம் முடிந்த பிறகுதான். யார் வேலை என்று அத்தையிடம் கேட்கவில்லை.

ஏற்றுவதற்கு முப்பது தடவைக்கு மேல் ஆனது. சத்தம் குறைந்தாலும் தவறு காட்டும், கூடினாலும் காட்டும். கணினியில் ஒலியை அழகாக்க இருந்த எல்லாவற்றையும் அணைத்து, ஒற்றைச் சேனலாக்கி, அளவைக் கடுகளவு கடுகளவாக ஏற்றிக்கொண்டே போக, ஒரு இடத்தில் பெட்டி ஏற்றுக்கொண்டது. 32 இடத்திலும் ஒலி. முதலாவதை அழுத்தினேன், வயலின் கூட்டம் எழும்பியது. ராத்திரி பதினொன்றரை. மனைவி எழுந்து வந்து, “மாமா குழு மாதிரியே இருக்குங்க” என்றாள்.

மறுவாரம் பெட்டியை வண்டியில் ஏற்றி ரவாங்குக்குப் போனேன். வழியெல்லாம், முகம் எப்படி மாறப் போகிறது என்று நானே நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டேன். மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. வாதத்தில் விரல் முட்டிகள் வீங்கியிருக்கின்றன. ஹாலில் பெட்டியை வைத்து ஒவ்வொரு ஒலியாக அழுத்திக் காட்டினேன். நாலைந்து கேட்டார். முகம் அப்படியே இருந்தது.

“இதெல்லாம் என்னடா?”

“உங்க ஒலிதான் மாமா. அந்தக் கேசட்ல இருந்து ஏத்தினேன்.”

“அட, அது என்னுது இல்லடா. பெட்டி வாங்கின அன்னிக்கே கடைக்காரன் பதிஞ்சு கொடுத்தது. கம்பெனிக்காரன் உள்ள போட்டு அனுப்பின ஒலி. பேட்டரி போனா ஏத்திக்கோன்னான். நான் அதைத் தொட்டதே இல்ல.” கொஞ்சம் யோசித்தார். “நான் கையாலதான் திருப்புவேன். பாட்டுக்குப் பாட்டு. மண்டபத்துக்கு மண்டபம் மாறும். ஓலைக்கூரைன்னா ஒரு மாதிரி, தகரம்னா ஒரு மாதிரி.”

நான் ஒன்றும் பேசவில்லை. ஆறு ஞாயிறும் பதினேழு வயரும் மனசில் ஓடின. பேச்சை மாற்ற, கோர்க் தோன்றிய கதையைச் சொன்னேன். அறுபதுகளின் தொடக்கத்தில் தோக்கியோவில் காத்தோ என்று ஒருவர் இரவு விடுதி நடத்தினார். அங்கே ஒசானாய் என்ற அக்கார்டியன்காரர் வாசிப்பார். ஆள் என்ஜினியரிங் படித்தவர். தாளத்துக்கு வைத்திருந்த அமெரிக்க ரிதம் பெட்டி அவருக்குப் பிடிக்கவில்லை. இதைவிட நன்றாக நானே செய்கிறேன், பணம் போடுங்கள் என்று விடுதிக்காரரிடம் கேட்டார். 1963-ல் டொன்காமாட்டிக் என்று முதல் பெட்டி வந்தது. கம்பெனிக்குக் கேயோ என்று பெயர். பிறகு ஆர்கன் செய்தபோது இரண்டையும் சேர்த்துக் கோர்க் ஆனது.

மாமா இதைத்தான் கவனமாகக் கேட்டார். அவரும் அக்கார்டியனில் தொடங்கியவர்தான். “வாசிக்கிறவன் செஞ்ச பெட்டி. அதான் குமிழ் எல்லாம் கை போற இடத்துல இருக்கு” என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார். ஒரு தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னார்.

“நினைவகத்தை விடு. கட்-ஆஃப் நாலு. இல்ல, நாலரை. இந்த வீடு சின்னது. ரெசொனன்ஸ் ஒண்ணுக்கும் கீழ. அட்டாக்கைக் கொஞ்சம் ஏத்து, வயலின்காரன் வில்லை எடுக்க நேரம் வேணும்ல? இன்னும். போதும். இப்ப என்செம்பிளைப் போடு.”

போட்டேன். சமையலறையிலிருந்து அத்தை ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார்.

“இப்ப கட்டையைத் தொடு” என்றார் மாமா. “மெதுவாடா. அடிக்காத.”